மூடிக் கட்டிய வள்ளுவரும் அயர்ன் மெய்டனும்

"பெங்களூருக்கா? இப்பவா?" என்றாள் அம்மா.

2007 பிப்ரவரி கடைசி வாரம். நான் காட்பாடி பக்கம் ஒரு கல்லூரியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். வார விடுமுறைக்கு ஆம்பூர் வந்தவன், மார்ச் 17-ஆம் தேதி பெங்களூரில் ஒரு கச்சேரி இருக்கிறது, போகப்போகிறேன், ராத்திரி அல்சூரில் அத்தை வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். யார் கச்சேரி என்று அம்மா கேட்கவில்லை. ஊர்ப் பெயர் ஒன்றே அவளுக்குப் போதுமாக இருந்தது.

காரணம் இருந்தது. பிப்ரவரி 5-ஆம் தேதிதான் காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பைச் சொல்லியிருந்தது. 740 டிஎம்சியில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகாவுக்கு 270. 12-ஆம் தேதி கர்நாடகா முழுக்க பந்த். டிவியில் டயர் எரிந்துகொண்டிருந்தது. பாலாற்றங்கரைக்காரர்களான எங்களுக்கு அந்த 419-இல் ஒரு சொட்டும் வராது, அது வேறு விஷயம். எங்கள் ஆற்றில் அப்போது ஓடியது தோல் ஷாப்புக் கழிவுதான். ஆனால் தண்ணீர் வராவிட்டாலும் பயம் வந்துவிடும்.

1991 டிசம்பர் எனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஐந்து வயது. ராத்திரியில் அத்தை இரண்டு பிள்ளைகளோடும் ஒரு ரெக்ஸின் பையோடும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்ட மாதம் அது. ஆயிரக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி ஓடிவந்தார்கள். மாமா மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்ள அங்கேயே இருந்தார். வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டார் என்று அத்தை சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் போனாள். பலகை திரும்பவும் வாசலுக்கு வரவே இல்லை.

"போறதுனா போ. ட்ரெயின்ல போ. அங்க ரோட்டுல தமிழ்ல சத்தம் போட்டுப் பேசாத" என்றாள் அம்மா.

இனி, நான் யாரைப் பார்க்கப் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். அயர்ன் மெய்டன். 1975 கிறிஸ்துமஸ் அன்று கிழக்கு லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் என்ற பேஸ் கிதார்க்காரர் தொடங்கிய ஹெவி மெட்டல் குழு. 1981-இல் புரூஸ் டிக்கின்சன் என்ற பாடகர் வந்து சேர்ந்த பிறகு உலகக் குழு. காதல் பாட்டு அநேகமாகக் கிடையாது. போர், பேய், வரலாறு, புராணம். கோல்ரிட்ஜின் நெடுங்கவிதை ஒன்றைப் பதிமூன்று நிமிடப் பாட்டாக்கியிருக்கிறார்கள். ஆம்பூர் பையனுக்கு கோல்ரிட்ஜ் என்ற பெயரைச் சொல்லிக்கொடுத்தது பாடப்புத்தகம் அல்ல, இவர்கள்தான். மெட்டல் என்றால் வெறும் கூச்சல் என்பவர்களிடம் நான் ஒருகாலத்தில் சண்டை போடுவேன். இப்போது போடுவதில்லை. கூச்சலும்தான்.

இந்தப் பாட்டெல்லாம் எனக்கு எப்படிக் கிடைத்தது? ஹாஸ்டல் லேனில். ஒரு சீனியர் தன் ஹார்ட் டிஸ்கை எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பார். அதில் சினிமா, கேம்ஸ், எழுதமுடியாத சில ஃபோல்டர்கள், அதற்கு நடுவில் 'மெய்டன் கம்ப்ளீட்'. ஒரு பைசா கொடுக்காமல் முப்பது வருட உழைப்பை ஒரு ராத்திரியில் இறக்கிக்கொண்டேன். எனக்கு முந்தைய தலைமுறை பர்மா பஜாரில் கேசட் தேடி அலைந்தது; அவர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள், கொஞ்சம் இகழ்ந்தார்கள். ஹாஸ்டலில் என்னைத் தவிர இதைக் கேட்டவன் என் ரூம்மேட் ஒருவன்தான். மற்றவர்களுக்கு நாங்கள் இரண்டு பைத்தியங்கள்.

அந்த ஃபோல்டரில் நாங்கள் அதிகம் கேட்டது ஸ்டுடியோ ஆல்பம் அல்ல. 2001 ஜனவரியில் பிரேசிலில் ராக் இன் ரியோ விழாவில் பதிவு செய்த கச்சேரி. அதில் 'ஃபியர் ஆஃப் த டார்க்' பாட்டு தொடங்கும்போது, கிதார் வாசிக்கும் மெட்டை மொத்தக் கூட்டமும் சேர்ந்து பாடும். வார்த்தை கிடையாது, ஓ ஓ என்ற ஓசைதான். கேட்டுக் கேட்டு, பாட்டை மட்டுமல்ல, பிரேசில்காரர்கள் எங்கே சேர்ந்துகொள்கிறார்கள், எங்கே அடங்குகிறார்கள் என்பதையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருந்தோம். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, பக்கத்து அறைக்காரன் அடிக்க வருவான் என்பதால் வாய்க்குள்ளேயே, அந்தக் கூட்டத்தின் பகுதியை நான் பாடுவேன்.

மார்ச் 17, சனிக்கிழமை. காட்பாடியில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் காலை ஊன்ற இடமில்லை. ஏறியதும் நண்பன் என் விலாவில் இடித்தான். கழிவறைக் கதவோரம் இரண்டு பேர் கறுப்பு டி-சர்ட்டில், நெஞ்சில் எட்டி. எட்டி என்பது மெய்டனின் எல்லா ஆல்பம் அட்டையிலும் வரும் எலும்பு முகம். அந்தப் பக்கம் இன்னும் மூன்று பேர். சென்னையிலிருந்து வருகிறார்கள். யாரும் யாரிடமும் பேசவில்லை; டி-சர்ட்டைப் பார்ப்பது, தலையை லேசாக ஆட்டுவது, அவ்வளவுதான். ஜோலார்பேட்டை தாண்டிய பிறகு ஒருவர் தன் எம்பி3 பிளேயரின் ஒரு காதை என்னிடம் நீட்டினார். அவர் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர், வயது நாற்பதுக்கு மேல். அம்பத்தூரில் ஒரு சந்தில் இருபது வருடமாகத் தனியாக இதைக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பெண்டாட்டியிடம் ஆபீஸ் டிரெயினிங் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஏன் பெங்களூர், ஏன் சென்னையில் இல்லை? இந்தக் கேள்வியை அந்தப் பெட்டியிலேயே பேசினோம். மார்கழியில் நூற்றுக்கணக்கான கச்சேரிகள் நடத்தும் நகரத்துக்கு இந்த ஒரு கச்சேரி நடத்தத் தெரியாதா? ஐடி பணம், பப், தட்பவெப்பம் என்று அன்று சொன்ன காரணங்கள் எல்லாம் ஓரளவு சரிதான். ஆனால் அதற்கு அடியில் இன்னும் பழைய காரணம் ஒன்று இருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

திப்பு 1799-இல் வீழ்ந்த பிறகு ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. அங்கே காய்ச்சல். 1809-இல் படையைப் பெங்களூருக்கு மாற்றினார்கள். அப்படி உண்டானதுதான் கன்டோன்மென்ட். அந்தப் படையோடு சிப்பாய்களாக, வியாபாரிகளாக, சமையல்காரர்களாக, கட்டடத் தொழிலாளிகளாகப் போனவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அல்சூர், சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன் பகுதிகளில் இன்றும் தெருவில் தமிழ் கேட்பது அதனால்தான். 1949 வரைக்கும் கன்டோன்மென்ட்டும் பழைய நகரமும் தனித்தனி நகராட்சிகள். அந்தக் கன்டோன்மென்ட் வாழ்க்கையோடுதான் மேற்கத்திய இசையும் வந்தது. கப்பன் பார்க்கில் ராணுவ பேண்டு வாசிக்க ஒரு மேடை கட்டினார்கள், இன்றும் இருக்கிறது. வெள்ளைக்காரன் போன பிறகு ஆங்கிலோ இந்தியர்கள் அதைத் தொடர்ந்தார்கள். ஆக, என் அத்தை குடும்பத்தை அந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த அதே அலைதான் கிதாரையும் அங்கே ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறது.

இன்னொரு காரணம் இடம். பேலஸ் கிரவுண்ட்ஸ். காரெட் என்ற பாதிரியார் கட்டத் தொடங்கிய மாளிகையை 1873-இல் மைசூர் இளவரசருக்காக வாங்கினார்கள். சுற்றி 450 ஏக்கருக்கு மேல். 1996-இல் மாநில அரசு அதைக் கையகப்படுத்தச் சட்டம் போட, அரச குடும்பம் வழக்குப் போட, அது உச்ச நீதிமன்றத்தில் கிடந்தது. வழக்கு முடியாததால் நடு நகரத்தில் அத்தனை பெரிய நிலம் அடுக்குமாடி ஆகாமல் கிடந்து, கல்யாணத்துக்கும் பொருட்காட்சிக்கும் வாடகைக்குப் போனது. 2002-இல் ரோஜர் வாட்டர்ஸ், 2003-இல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2005-இல் மார்க் நாஃப்ளர், எல்லோரும் அங்கேதான் வாசித்தார்கள். முடிந்த ஒரு வழக்கால் பந்த், முடியாத ஒரு வழக்கால் கச்சேரி. நம் நாட்டில் நீதிமன்றங்கள் இசைக்குச் செய்த தொண்டு இதைவிடப் பெரிதாக ஏதும் இருக்கிறதா தெரியவில்லை.

ஆனால் அதுவரை வந்தவர்கள் எல்லாம் தங்கள் உச்சத்தைத் தாண்டி வெகுகாலம் ஆனவர்கள். ஓய்வூதியம் வாங்கும் வயதில் இந்தியாவுக்கு வருவது ஒரு வழக்கம். மெய்டனுக்கும் வயதாகியிருந்தது. ஆனால் 2006-இல் வந்த புது ஆல்பத்தோடு உலகம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த அளவு பெரிய மெட்டல் குழு எதுவும் அதற்கு முன் இங்கே வந்ததில்லை. மற்றவர்கள் போகத் தயங்கும் இடத்துக்குப் போவது இவர்களுக்குப் பழக்கம். 1984-இல் கம்யூனிஸ்ட் போலந்துக்கே முழு மேடையோடு போனவர்கள்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி ஜெயமஹால் ரோடு வழியாக நடந்தோம். அந்த நடையை இன்றும் மறக்கமுடியவில்லை. முதலில் நாங்கள் ஏழெட்டுப் பேர். சிக்னலில் இருபது. அடுத்த திருப்பத்தில் ரோட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு டி-சர்ட். கல்கத்தாவிலிருந்து, ஷில்லாங்கிலிருந்து, கொச்சியிலிருந்து வந்தவர்கள். அம்பத்தூர்க்காரர் நடப்பதை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "இவங்கள்லாம் இத்தன நாள் எங்கடா இருந்தாங்க?" என்றார்.

உள்ளே மூன்று மணி நேரம் செம்மண் புழுதி. டெல்லியின் பரிக்ரமா குழு வாசித்தது. ராக்கில் வயலின் வைத்திருப்பவர்கள். ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸ் பாடினார். கூட்டம் மரியாதைக்குக் கைதட்டியது. எங்களுக்கோ இன்னொரு கவலை. அன்று உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு முதல் ஆட்டம், டிரினிடாடில், பங்களாதேஷோடு. நம் நேரப்படி ஏழு மணிக்குத் தொடக்கம். நண்பன் நோக்கியாவை உயர்த்திப் பிடித்து எஸ்எம்எஸ்ஸுக்குத் தவம் கிடந்தான்.

"சேவாக் போச்சுடா. ரெண்டு ரன்னு" என்று கத்தினான், தமிழில், முழுக் குரலில்.

முன்னால் நின்ற உயரமான ஒருவன் சட்டென்று திரும்பினான். நெற்றியில் கறுப்புத் துணி. அம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. என் வயிறு கலங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை. சுற்றிலும் பல ஆயிரம் பேர். ஒருவன் கை ஓங்கினால் போதும்.

"மச்சா, ஸ்கோர் எஷ்டு?" என்றான்.

எனக்கு வாய் வரவில்லை. நண்பன்தான் போனை அவன் முகத்துக்கு நேராகக் காட்டினான். அவன் தலையில் அடித்துக்கொண்டு தமிழுக்கு மாறினான். "அய்யோ. பரவால்ல, திராவிட் இருக்கான்ல. பாத்துப்பான்." தமிழ் எங்கே கற்றாய் என்று கேட்டதற்கு, ரஜினி படம் என்றான். சொந்த ஊர் மண்டியா. மண்டியா என்றால் காவிரிப் போராட்டத்தின் தலைநகரம். நாங்கள் வேலூர் பக்கம் என்றோம். அவன் ஒரு வினாடி பார்த்தான். நாங்களும் பார்த்தோம். பிறகு உத்தப்பாவும் அவுட் என்று செய்தி வந்துவிட்டதால் எல்லோரும் அதைப் பற்றிப் பேசினோம்.

ஒலிபெருக்கியில் யூஎஃப்ஓ குழுவின் 'டாக்டர் டாக்டர்' வந்தது. மெய்டன் மேடைக்கு வருமுன் எப்போதும் ஒலிக்கும் பாட்டு. தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அப்புறம் விளக்கு அணைந்தது.

கச்சேரியை வரிசையாகச் சொல்லப் போவதில்லை. புது ஆல்பத்திலிருந்து நிறைய வாசித்தார்கள், பாதிப் பேருக்கு அது அலுப்பு. டிக்கின்சனுக்கு ஒரு வழக்கம் உண்டு: எந்த ஊரில் பாடுகிறாரோ அந்த ஊரின் பெயரைச் சொல்லி, எனக்காகக் கத்து என்பார். வருடக்கணக்காக மற்ற ஊர்களின் பெயரையே பதிவுகளில் கேட்டுவிட்டு, ரயிலேறிப் போகிற தூரத்தில் இருக்கிற ஊரை அவர் அழைத்தபோது மண்டியாக்காரன் அழுதான். பெங்களூரா பெங்களூருவா என்று அரசாங்கமே முடிவெடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்த நேரம். அவர் பழைய பெயரைத்தான் சொன்னார், யாரும் திருத்தவில்லை.

'த ட்ரூப்பர்' பற்றி மட்டும் சொல்ல வேண்டும். 1854-இல் கிரிமியப் போரில், தவறான ஆணையால் பீரங்கிகளை நோக்கிக் குதிரையில் பாய்ந்து செத்த ஆங்கிலேயப் படையைப் பற்றிய பாட்டு. அதைப் பாடும்போது டிக்கின்சன் செந்நிற ராணுவக் கோட்டு போட்டுக்கொண்டு பிரிட்டிஷ் கொடியை வீசுவது வழக்கம். சுதந்திரம் வந்து அறுபதாவது வருடம், அதே செங்கோட்டுக்காரர்கள் முகாம் போட்ட ஊர். அந்தக் கொடி அன்று வீசப்பட்டதை நான் பார்த்தேன் என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிவந்தேன். நண்பன் ஒப்புக்கொள்வதில்லை. "நம்ம முன்னாடி நின்னவன் தலைய தவிர நீ என்னத்த பாத்த? அது யூட்யூப்ல பாத்ததுடா" என்கிறான். என் நினைவில் அந்தக் கொடி மிகத் தெளிவாக, மேடைக்கு மிக அருகிலிருந்து எடுத்ததுபோலத் தெரிகிறது. நான் நின்றதோ சவுண்ட் டவருக்கும் பின்னால். எனவே அவன் சொல்வதுதான் சரியாக இருக்க வேண்டும். நினைவை நம்பி வரலாறு எழுதுகிறவர்கள் தாங்கள் எங்கே நின்றார்கள் என்பதை முதலில் எழுதிவிடுவது நல்லது.

ஆனால் ஒன்றை நான் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் அதில் சந்தேகமும் இல்லை. 'ஃபியர் ஆஃப் த டார்க்'. கிதார் மெல்லத் தொடங்கியது. நான் வழக்கம்போல வாய்க்குள் ஆரம்பித்தேன். என் காதில் என் குரல் விழவில்லை. ஏனென்றால் எல்லோரும் பாடினார்கள். கூட்டம் 30,000 என்றும் 45,000 என்றும் கணக்குச் சொல்கிறார்கள். அத்தனை பேரும் சரியான இடத்தில் எடுத்தார்கள், சரியான இடத்தில் அடங்கினார்கள். ஒத்திகை பார்த்ததுபோல. பார்த்திருக்கிறார்கள். அம்பத்தூர் சந்தில், மண்டியாவில், ஷில்லாங்கில், ஒவ்வொருவரும் ஹெட்ஃபோனுக்குள் அதே பிரேசில் கூட்டத்தோடு தனித்தனியாக ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். இருட்டில் யாரோ பின்தொடர்வதாகப் பயப்படுகிறவனின் பாட்டு அது. அந்த இருட்டில், யார் என்ன மொழி என்று தெரியாமல், நானும் ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். அது தமிழ் இல்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை.

கச்சேரி முடிந்ததும் வழக்கப்படி மான்டி பைத்தான் படத்தின் பாட்டைப் போட்டார்கள், வாழ்க்கையின் நல்ல பக்கத்தைப் பார் என்று சிலுவையில் தொங்குகிறவர்கள் பாடுவது. வெளியே வந்தபோது இந்தியா 191-க்கு ஆல் அவுட். திராவிட் 14. மண்டியாக்காரன் கூட்டத்தில் எங்கேயோ போய்விட்டான். பெயர்கூடக் கேட்கவில்லை.

அல்சூரில் மாமா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னிரவில் பங்களாதேஷ் ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. ஒருவருக்கும் தூக்கமில்லை. என் மூக்கைச் சிந்தினால் செம்மண். காலையில் அத்தை பால் வாங்கப் போனபோது கூடப் போனேன். அல்சூர் ஏரிப் பக்கம் உயரமாக ஒன்று மூடிக் கட்டி நின்றது. என்ன அத்தை இது என்றேன்.

"அதுவா? வள்ளுவரு. கலாட்டா வருஷத்துலருந்து அப்டியேதான் நிக்கறாரு. தொறந்தா வம்புன்னு தொறக்கல" என்றாள் சாதாரணமாக. சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டதை அவளே கவனித்திருக்க மாட்டாள். 1991-இல் வைத்த சிலை. பதினாறு வருடமாக மூடியபடி.

அடுத்த வருடம் மெய்டன் பம்பாய்க்கு வந்தது. 2008 பிப்ரவரி 1. டிக்கின்சனே பைலட்டாக ஓட்டிய போயிங் 757-இல், குழுவும் பன்னிரண்டு டன் சாமானும் ஒன்றாக வந்து இறங்க, உலகச் சுற்றுப்பயணமே அங்கிருந்துதான் தொடங்கியது. ஆவணப்படத்தில் பார்க்கலாம். எனக்குப் பரீட்சை, போகமுடியவில்லை. 2009 பிப்ரவரி 15 மறுபடி பேலஸ் கிரவுண்ட்ஸ். அப்போது நான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து அத்தை வீட்டு மாடியில் குடியிருந்தேன். விளக்கும் மேடையும் முதல் தடவையைவிட எவ்வளவோ பிரமாதம். மண்டியாக்காரனைத் தேடினேன். எல்லோரும் உயரமாக இருந்தார்கள், எல்லோர் நெற்றியிலும் கறுப்புத் துணி.

அந்த வருடம் ஆகஸ்ட் 9-ஆம் தேதி வள்ளுவரைத் திறந்தார்கள். கருணாநிதி வந்தார், எடியூரப்பா கூட நின்றார். பதிலுக்குச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சிலை. திறப்பு அன்று தெருவெல்லாம் போலீஸ். அத்தை வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, என்னையும் விடவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு, ஒரு வாரம் கழித்து, கீரை வாங்கும் சாக்கில் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"பாத்தியா, பதினெட்டு வருஷம் வெயிலே படல. புதுசாவே இருக்காரு" என்றாள், நடுரோட்டில், சத்தமாக.